நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி: எரிபொருளும் நிலத்தடி நீரும்

ஆய்வுச்சுருக்கம்

புதைபடிவ எரிபொருள்களின் சுற்றுச்சூழல் தாக்கம் குறித்துத் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் காற்று மாசினையும் புவி வெப்பமாதலையும் மையப்படுத்துகின்றன. கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகை, மிகுந்த அழுத்தமுடைய நிலத்தடி நீரின்மேல் அமைந்துள்ளது. ஆகவே அங்கு எரிபொருள் எடுப்பதும் நீர் இறைப்பதும் பிரிக்க இயலாத ஒரே பணியாக உள்ளன. பழுப்பு நிலக்கரியின் தோற்றம், பண்பு, பயன் ஆகியவற்றோடு அதன் அகழ்வு நீருடன் கொண்டுள்ள தொடர்பையும், சுரங்கம் மூடப்படும் காலத்தில் எழும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புதைபடிவ எரிபொருள், பழுப்பு நிலக்கரி, நெய்வேலி, நிலத்தடி நீர், திறந்தவெளிச் சுரங்கம், அனல்மின் நிலையம்.

முன்னுரை

நிலக்கரியால் விளையும் கேடு என்றவுடன் புகைபோக்கியே முதலில் நினைவுக்கு வருகிறது. பாடநூல்களும் அவ்வாறே கற்பிக்கின்றன: எரிபொருள் எரிகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது, புவி வெப்பமடைகிறது. இவ்விளக்கத்தில் பிழையில்லை. எனினும் எரிபொருள் உலைக்கு வந்து சேர்ந்த பிறகே இவ்விளக்கம் தொடங்குகிறது. நிலத்திலிருந்து அதனை எடுக்கும்போதே நிகழ்ந்து முடிந்துவிடும் மாற்றங்கள் அதில் இடம்பெறுவதில்லை. நெய்வேலியைப் பொறுத்தவரை அம்மாற்றங்களுள் முதன்மையானது நீர் பற்றியதாகும். படுகைக்குக் கீழும், நிலக்கரியின் உள்ளேயும், அதை எரிக்கும் ஆலையிலும் நீரே கணக்கைத் தீர்மானிக்கிறது.

பெயரும் பொருளும்

‘கரி’ என்னும் சொல் மரம் எரிந்து எஞ்சியதைக் குறிக்க நெடுங்காலமாக வழங்கிவருகிறது. மண்ணிலிருந்து கிடைப்பதை வேறுபடுத்தவே ‘நிலக்கரி’ என்னும் தொடர் தேவைப்பட்டது. இப்பொதுச்சொல் உயர்வகைக் கரிக்கும் தாழ்வகைப் பழுப்பு நிலக்கரிக்கும் சேர்த்தே ஆளப்படுகிறது. ‘நெய்வேலி நிலக்கரி நிறுவனம்’ எனப் பேச்சிலும் செய்தியிலும் வழங்கும்போது ‘பழுப்பு’ என்னும் அடை மறைந்துவிடுகிறது. அடை நீங்கியதால் பொருளிலும் ஓர் இழப்பு நேர்கிறது. கீழே காணவிருக்கும் சிக்கல்கள் பலவும் அந்த அடைக்குள்தான் உள்ளன.

பொதுவகைமைக்கான கலைச்சொல்லும் ஒருமைப்படவில்லை. தமிழ்நாட்டில் ‘புதைபடிவ எரிபொருள்’ என்பது பெருவழக்கு. இலங்கைத் தமிழ் நூல்களில் ‘உயிர்ச்சுவட்டு எரிபொருள்’ என்பது காணப்படுகிறது. முன்னது புதைந்த நிலையையும், பின்னது ஒருகாலத்தில் உயிருடன் இருந்ததன் தடயத்தையும் சுட்டுகின்றன. எரிபொருளின் தோற்றத்தை விளக்குவதில் பின்னதே தெளிவுடையது. ஆயினும் தமிழ்நாட்டு வழக்கு கருதி இக்கட்டுரையில் ‘புதைபடிவ எரிபொருள்’ என்பதே ஆளப்படுகிறது.

படுகையின் தோற்றமும் பண்பும்

சதுப்பு நிலக் காடுகளில் வீழ்ந்த மரங்களும் இலைகளும் நீரில் அமிழ்ந்து, காற்றுப் படாமல், முழுமையாக மட்காமல் தங்கிவிடுகின்றன. அவற்றின்மேல் மணலும் களிமண்ணும் படிந்து அழுத்தமும் வெப்பமும் மிகும்போது நீர் வெளியேறிக் கார்பனின் விகிதம் உயர்கிறது. இம்மாற்றத்தின் தொடக்க நிலை பீட் எனப்படும் கரிமண். அடுத்தது பழுப்பு நிலக்கரி. அதனையடுத்தவை பிட்டுமினசு, ஆந்திரசைட்டு முதலான உயர்வகைகள். எனவே பழுப்பு நிலக்கரியை முற்றாத நிலக்கரி எனலாம். நெய்வேலிப் படுகையின் வயது மயோசீன் காலத்தைச் சார்ந்தது என நெடுநாள் கருதப்பட்டது. மகரந்தத் துகள்களை ஆராய்ந்தவர்கள் அதற்கும் முற்பட்ட இயோசீன் காலத்தைச் சுட்டியுள்ளனர். எவ்வாறாயினும் அது மூன்றாம் ஊழிக்குரியது. கோண்டுவானாக் காலத்து வட இந்திய நிலக்கரியைவிட மிக இளையது.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் காணப்படும் கல்மரங்கள் நெய்வேலிப் படுகையை மூடியுள்ள கடலூர் மணற்கல் வகையைச் சேர்ந்த பாறைகளிலேயே கிடைக்கின்றன. சிலிக்கா கரைந்த நீர் ஊடுருவிய மரம் கல்லாயிற்று. காற்றுப் புகாத சதுப்பில் தங்கிய மரம் கரியாயிற்று. இரண்டிலும் மரத்தின் முடிவைத் தீர்மானித்தது அதைச் சூழ்ந்திருந்த நீரே.

முற்றாத நிலையின் விளைவு எடையிலேயே தெரிகிறது. வெட்டியெடுக்கப்படும் நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஒரு கிலோவின் வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 2,600 கிலோ கலோரி. அதிலுள்ள அரைக் கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்குவதற்கு மட்டும் 300 கிலோ கலோரி செலவாகிறது. அதாவது எரிபொருள் தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த எரிபொருளில் உள்ள நீரை விரட்டவே போய்விடுகிறது. இத்தகைய சரக்கைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது நீரை ஏற்றிச் செல்வதற்கு ஒப்பாகும். ஆகவேதான் உலகெங்கும் பழுப்பு நிலக்கரி, சுரங்க வாயிலில் அமைந்த அனல்மின் நிலையங்களிலேயே எரிக்கப்படுகிறது. நெய்வேலியில் சுரங்கமும் மின்நிலையமும் நகரியமும் அடுத்தடுத்து அமைந்ததற்கு இதுவே காரணம். சாம்பல் குறைவு என்பது இதன் ஒரு நற்பண்பு. வட இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பலாக எஞ்சுவதுண்டு. நெய்வேலிக் கரியில் அது பெரும்பாலும் பத்து விழுக்காட்டைச் சுற்றியோ அதற்குக் குறைவாகவோ அமைகிறது.

கண்டுபிடிப்பும் பயன்பாடும்

1930களின் நடுப்பகுதியில் நெய்வேலியைச் சேர்ந்த நிலவுடைமையாளர் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் பாசனத்துக்காகக் கிணறு இறக்கியபோது நீருடன் கருமையான பொருள் வெளிவந்தது. அதுவே படுகையின் முதல் தடயமாகக் கருதப்படுகிறது. தண்ணீர் தேடிய இடத்தில் கரி கிடைத்தது. பின்னர் அக்கரியை எடுப்பதற்காகத் தண்ணீர் அகற்றப்பட்டது. நெய்வேலியின் வரலாற்றில் இம்முரண் போதிய கவனம் பெறவில்லை.

1940களில் துளையிட்டு நடத்தப்பட்ட ஆய்வுகள் படுகையின் பரப்பை உறுதி செய்தன. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அப்போது காமராசர் முதலமைச்சர். மேல்மண் முழுவதும் நீக்கப்பட்டுக் கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில். சோவியத் ஒன்றியத்தின் துணையுடன் எழுந்த முதல் அனல்மின் நிலையத்தின் 50 மெகாவாட் அலகு 1962இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் அந்நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்தது. ஆறு பத்தாண்டுகளை நெருங்கிய நிலையில், 2020 செப்டம்பரில் அது முற்றிலும் நிறுத்தப்பட்டது. அதனிடத்தை நிரப்பும் வகையில் 1,000 மெகாவாட் திறனுடைய புதிய நிலையம் கட்டப்பட்டது.

மின்சாரம் மட்டுமே நோக்கமாக இருக்கவில்லை. கரியிலிருந்து யூரியா தயாரிக்கும் உர ஆலையும், கரியை அச்சுக்கட்டிகளாக்கிப் புகை நீக்கி ‘லெகோ’ என்னும் பெயரில் அடுப்பெரிபொருளாக விற்ற ஆலையும் அன்றைய ஒருங்கிணைந்த திட்டத்தின் பகுதிகள். இரண்டும் இன்று இல்லை. வீட்டு அடுப்பில் எரிவாயு புகுந்தபின் லெகோவுக்கு இடமில்லாமற்போனது. மின்னுற்பத்தி ஒன்றே நிலைத்தது. தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சிக்கும் ஊரக மின்மயத்துக்கும் நெய்வேலியின் பங்களிப்பு பெரிது. வயல்களில் மின் மோட்டார் பரவியதிலும் அதற்குப் பங்குண்டு. நிலத்தடி நீர்மட்டம் பற்றிப் பேசுகையில் இதனையும் மறத்தலாகாது.

அடியிலிருந்து மேலெழும் அழுத்தம்

நெய்வேலிக் கரிப்படுகையின்மேல் இடத்துக்கிடம் 45 முதல் 100 மீட்டர் வரை மணற்கல்லும் களிமண்ணும் உள்ளன. படுகையின் தடிமன் ஏறத்தாழ 8 முதல் 27 மீட்டர். அதற்குக் கீழே, களிமண் அடுக்குகளுக்கிடையே அடைபட்ட மணற்படுகையில் நீர் நிறைந்துள்ளது. மேற்கிலும் வடமேற்கிலும் உயரமான பகுதிகளில் அம்மணற்படுகை தரைக்கு வருகிறது. மழைநீர் அங்கே உட்புகுந்து, சரிவுவழிக் கிழக்கு நோக்கி இறங்கி, மேலேற வழியின்றி அழுத்தத்துடன் நிற்கிறது. முன்னாளில் இவ்வட்டாரத்தில் குழாய் இறக்கினால் இறைக்காமலே நீர் பொங்கி வழிந்ததற்கு இவ்வமைப்பே காரணம்.

இந்நீர் கரிப்படுகையின் அடிப்பகுதியில் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தூண் தரும் அழுத்தத்துக்கு இது சமம். இயல்பு நிலையில் இதனால் தீங்கில்லை. மேல்மண்ணின் அடர்த்தியை நீரைப்போல் இரு மடங்கு எனக் கொண்டால், 80 மீட்டர் மேல்மண் சதுர சென்டிமீட்டருக்கு 16 கிலோ எடையுடன் கீழ்நோக்கி அமுக்குகிறது. சுரங்கம் வெட்டுவது என்பது இந்த எடையை அகற்றுவதாகும். அகற்றியபின் எஞ்சுவது கரிப்படுகையின் எடை மட்டுமே. கரியின் அடர்த்தி நீரைவிடச் சற்றே மிகுதி. ஆதலால் 20 மீட்டர்ப் படுகை இரண்டரைக் கிலோவுக்கு மேல் அமுக்காது. மேலிருந்து இரண்டரைக் கிலோ, கீழிருந்து ஆறு கிலோ என்னும் நிலையில் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் உட்புகும்.

இதனைத் தவிர்க்க ஒரு வழியே உண்டு. சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்களை இறக்கி, அழுத்தம் படுகையின் எடைக்குக் கீழே இறங்கும்வரை நீரை இறைக்க வேண்டும். இறைப்பு ஒருநாளும் நிற்கக்கூடாது. கரி வெட்டாத நாளிலும் பம்புகள் ஓடியே ஆகவேண்டும். மழைக்காலத்தில் குழியில் தேங்கும் நீரை வெளியேற்றுவது இதற்கு மேற்பட்ட தனி வேலை.

இவ்வாறு அழுத்தம் குறைக்கப்படும்போது அது சுரங்க எல்லையோடு நின்றுவிடுவதில்லை. அடைபட்ட நீர்ப்படுகையில் அழுத்தத் தாழ்வு நெடுந்தொலைவு பரவும் இயல்புடையது. பொங்கி வழிந்த குழாய்கள் அடங்கின. உழவர்கள் மோட்டார் பொருத்தினர். பின்னர் இன்னும் ஆழமாகத் துளையிட்டனர். இவ்வீழ்ச்சியில் சுரங்கத்தின் பங்கு எவ்வளவு, பாசனக் குழாய்களின் பங்கு எவ்வளவு என்பது இரு தரப்பும் தத்தம் சார்பாக வாதிடும் பொருளாகவே இருந்துவருகிறது. ஆயின் இரண்டுக்குமிடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உள்ளது. உழவர் பயிருக்காக நீர் எடுக்கிறார். பயிர் இல்லாத காலத்தில் நிறுத்துகிறார். சுரங்கமோ நீர் தேவைப்பட்டு எடுப்பதில்லை; நீர் அங்கே இருக்கக்கூடாது என்பதற்காக எடுக்கிறது.

எடுத்த நீர் வீணாவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அதன் பெரும்பகுதி அனல்மின் நிலையங்களுக்குச் செல்கிறது. நீராவியைக் குளிர்விக்கும் கோபுரங்களைக் கொண்ட நிலையம் ஒரு மெகாவாட் மணி மின்சாரத்துக்கு 3.5 கன மீட்டர் நீர்வரை பயன்படுத்தலாம் என 2015 டிசம்பரில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் வரம்பு விதித்தது. இவ்வரம்பின்படி 1,000 மெகாவாட் நிலையம் முழுத்திறனில் ஒருநாள் இயங்கினால் 8.4 கோடி லிட்டர் வரை செலவாகும். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனக் கணக்கிட்டால் ஆறு லட்சம் பேருக்கான நீர் அது. மீதியில் ஒரு பகுதி பரவனாற்றின் வழியாகவும் ஏரிகளின் வழியாகவும் பாசனத்துக்குப் பயன்படுகிறது. 2004இல் செயற்பாட்டுக்கு வந்த புதிய வீராணம் திட்டக் குழாய்வழி சென்னைக்குச் செல்லும் நீரிலும், வறட்சிக் காலங்களில் நெய்வேலி நீர்ப்படுகையின் நீர் சேர்ந்துள்ளது. ஆகவே சுரங்க நீரைச் சார்ந்து ஓர் ஆற்றுப்பாசனமும் ஒரு பெருநகரத் தேவையும் உருவாகிவிட்டன.

மேல்மண்ணும் வயலும்

ஒரு டன் கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மேல்மண் அகற்றப்படுகிறது. நெய்வேலிச் சுரங்கங்கள் ஆண்டுக்கு இரண்டு கோடி டன்னுக்கு மேல் கரி தருகின்றன. எனவே பெயரும் மண் பத்துக் கோடி கன மீட்டரைத் தாண்டும். அருகிலுள்ள வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, ஏறத்தாழ 4.15 கோடி கன மீட்டர். ஓராண்டில் அகற்றப்படும் மண்ணைக் கொண்டு அவ்வேரியை இருமுறை தூர்த்துவிடலாம். ஜெர்மனியிலிருந்து தருவிக்கப்பட்ட, சுழலும் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய பேரகழ்பொறிகள் இவ்வேலையைச் செய்கின்றன. கடலூர் மணற்கல்லின் உராய்வில் வாளிகளின் பற்கள் விரைவில் தேய்ந்தது தொடக்க காலத்தின் பெருந்தொல்லை.

படுகை பக்கவாட்டில் பரந்திருப்பதால் சுரங்கமும் பக்கவாட்டில் நகர்கிறது. நகரும் வழியில் ஊர், வயல், ஆறு எது இருந்தாலும் இடம்பெயர வேண்டும். 2023 சூலையில் வளையமாதேவிப் பகுதியில் கதிர் வரும் பருவத்து நெல்வயல்களின் ஊடே பொறிகள் கால்வாய் வெட்டியது தமிழ்நாடெங்கும் பேசப்பட்டது. பரவனாற்றைச் சுரங்க விரிவாக்கப் பகுதியிலிருந்து விலக்கித் திருப்புவதற்கான கால்வாய் அது. நிலங்கள் முன்னரே கையகப்படுத்தப்பட்டவை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. நிலத்துக்குப் பணம் பெற்ற பின்னும் ஆண்டுக்கணக்கில் உழுது பயிரிட்டவர்களுக்கு அறுவடைவரை காலம் தரப்படவில்லை என்பது எதிர்ப்பாளர்களின் முறையீடு. அறுவடை வரை காத்திருக்க இயலாதா எனச் சென்னை உயர் நீதிமன்றம் வினவியது. பயிர்ச்சேதத்துக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கவும் பணித்தது. இந்நிகழ்ச்சி நில உரிமைச் சிக்கலாகவே விவாதிக்கப்பட்டது. அதன் தொழில்நுட்பக் காரணம் நீர்: ஆற்றை விலக்காமல் சுரங்கம் முன்னேறினால் வெள்ளம் குழிக்குள் இறங்கும்.

அதே ஆண்டு ஏப்ரலில் வடசேரி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி ஆகிய பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் நடுவண் அரசின் ஏலப்பட்டியலில் இடம்பெற்றதும் எதிர்ப்பு எழுந்தது, தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், மூன்றும் நீக்கப்பட்டன. காவிரிப் படுகையின் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விவாதத்தில் முன்வைக்கப்பட்டது. நெய்வேலி தொடங்கப்பட்ட 1957இல் இத்தகைய சட்டமும் இல்லை. அத்தகைய வினாவும் இல்லை.

எரித்தலின் விளைவு

இப்பகுதி பரவலாக அறியப்பட்டதாதலால் சுருக்கமாகச் சொன்னால் போதும். 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிசனுடன் சேர்ந்து 44 கிராம் கரியமில வாயுவாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த இவ்வாயு இன்று 420 பங்கைக் கடந்துள்ளது. காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுகளின் குழு வகுத்த அளவீட்டின்படி, ஒரு கிகாஜூல் வெப்பத்துக்குப் பழுப்பு நிலக்கரி 101 கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது. பிட்டுமினசு வகை 94.6 கிலோவும் இயற்கை எரிவாயு 56.1 கிலோவும் வெளியிடுகின்றன. ஈரத்தை ஆவியாக்குவதில் இழக்கும் வெப்பத்தையும் சேர்த்தால், ஓர் அலகு மின்சாரத்துக்கான இடைவெளி இன்னும் விரியும். கந்தக டை ஆக்சைடும் நுண்துகளும் சுற்றுவட்டார மக்களின் மூச்சைப் பாதிக்கின்றன. கரியில் மிகச் சிறிதளவே உள்ள பாதரசம் ஆவியாகி மேலெழுந்து, மழையுடன் நீர்நிலைகளில் இறங்கி, நுண்ணுயிர்களால் நச்சு மிகுந்த வடிவம் பெற்று மீன்களில் சேர்கிறது.

சுரங்கம் மூடப்படும்போது

பம்புகள் நிறுத்தப்பட்டால் நிகழ்வது என்ன என்பதற்கு, நெய்வேலிக்குப் பொறிகளைத் தந்த ஜெர்மனியே சான்று. அந்நாட்டின் கிழக்கே லவுசிட்ஸ் பகுதியில் 1990க்குப் பிறகு பல பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டன. நிலத்தடி நீர் மீண்டும் ஏறியது, குழிகள் ஏரிகளாயின. இன்று அவை சுற்றுலா இடங்கள். ஆயினும் ஏறிய நீர் தூய்மையானதாக இல்லை. இறைப்புக் காலத்தில் காற்றுப்பட்ட மண்ணிலிருந்த பைரைட்டு என்னும் இரும்புக் கந்தகத் தாது ஆக்சிசனேற்றம் அடைந்திருந்தது. நீர் அதனைக் கரைத்து அமிலத்தன்மையும் இரும்புத்துருவும் கொண்டதாக மாறியது. ஸ்ப்ரே ஆறு சில பகுதிகளில் பழுப்பு நிறமாக ஓடியது. நடுஜெர்மனியில் நாக்டர்ஷ்டெட் என்னும் ஊரில், பழைய சுரங்கக் குழி ஏரியாக நிரம்பிக்கொண்டிருந்தபோது 2009 சூலையில் கரை சரிந்து வீடுகள் ஏரிக்குள் வீழ்ந்தன. மூவர் உயிரிழந்தனர்.

தமிழ்நாட்டு ஆய்வாளர் கருத வேண்டிய பாடம் பெர்லின் நகரத்தினுடையது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக லவுசிட்ஸ் சுரங்கங்கள் இறைத்துவிட்ட நீர் ஸ்ப்ரே ஆற்றில் கலந்து, அதன் இயல்பான ஓட்டத்தைவிட மிகுந்த நீரைத் தந்துவந்தது. பெர்லினின் குடிநீர் அவ்வாற்றைச் சார்ந்துள்ளது. 2038க்குள் நிலக்கரி மின்னுற்பத்தியைக் கைவிடுவதாக ஜெர்மனி 2020இல் சட்டம் இயற்றியது. சுரங்க இறைப்பு நின்றால், வறண்ட கோடை மாதங்களில் ஸ்ப்ரேயின் சில பகுதிகளில் நீர்வரத்து முக்கால் பங்குவரை குறையக்கூடும் என ஜெர்மன் கூட்டரசுச் சுற்றுச்சூழல் முகமை 2023இல் எச்சரித்தது. நிலக்கரியைக் கைவிடுவதும் குடிநீரைக் காப்பதும் அங்கு ஒன்றோடொன்று மோதுகின்றன. பரவனாற்றுப் பாசனத்துக்கும் சென்னைக் குடிநீருக்கும் இந்நிலை பொருந்தாது எனக் கருத இடமில்லை.

இந்தியாவில் சுரங்கம் மூடுதலுக்கான வழிகாட்டு நெறிகளை நிலக்கரி அமைச்சகம் 2009இல் வெளியிட்டது. சுரங்க நிறுவனம் மூடுதலுக்கான தொகையை ஆண்டுதோறும் தனிக்கணக்கில் வைப்பாகச் செலுத்தவேண்டும். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஒரு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என அன்றைய விலையில் அத்தொகை குறிக்கப்பட்டது. மூடுதல் திட்டத்தில் நீரின் தரம் பேணுதலும் ஒரு தலைப்பாக இடம்பெறுகிறது. ஆயினும் தொகையைக் கணக்கிடும் அலகு நிலத்தின் பரப்பளவே. அறுபது ஆண்டுகளாக இறைக்கப்பட்ட நீருக்கோ, பம்பு நின்றபின் நீர்மட்டம் பழைய உயரத்தை எட்டும்வரை கண்காணிக்க வேண்டிய ஆண்டுகளுக்கோ அந்த அலகில் இடமில்லை.